ப்ரூன்யார்ட் முற்றத்தில் யார் மேசை போடலாம்?

மார்ச் 1, வாசகர் கேள்வி

கேம்பல்லில் இருக்கும் ப்ரூன்யார்ட் பற்றி யாராவது எழுதுங்களேன். சுற்றுவட்டாரத்தில் பெரிய மால்களே இழுத்து மூடப்பட்டிருக்கின்றன. இந்தக் கூரையில்லாத வளாகம் மட்டும் ஐம்பது வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்து நிற்கிறது. திறந்தவெளிதான் காரணமா? இன்னொன்று: அங்கே யார் வேண்டுமானாலும் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கலாம், செக்யூரிட்டியால் விரட்ட முடியாது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நிஜமா?

மார்ச் 2, சனி இரவு

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்த வளாகத்தின் வரலாற்றில் உலகத்துக்குத் தெரிந்த பகுதி அதைப் பற்றி நடந்த வழக்குதான். கூரை விஷயம் அப்புறம்.

இடம் தெரியாதவர்களுக்கு: கலிபோர்னியாவில் சான் ஹோசேயை ஒட்டிய சின்ன ஊர் கேம்பல். பாஸ்கம் அவென்யூவும் கேம்பல் அவென்யூவும் சந்திக்கும் முனையில் ப்ரூன்யார்ட். பக்கத்திலேயே 17ஆம் எண் நெடுஞ்சாலை, லாஸ் கேட்டோஸ் ஓடை. உயரமான அலுவலகக் கட்டடங்கள், அவற்றின் காலடியில் சிவப்பு ஓடு வேய்ந்த கடைகள், கடைகளுக்கு நடுவே நடைபாதைகளும் ஒரு முற்றமும். வழக்கு நடந்த காலத்தில் மொத்தம் 21 ஏக்கர், 65க்கு மேற்பட்ட கடைகள், 10 உணவகங்கள், ஒரு சினிமா தியேட்டர் என்று நீதிமன்றப் பதிவு சொல்கிறது.

1975 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை, சியோனிசம் (யூதர்களுக்குத் தனிநாடு என்ற கொள்கை) இனவெறியின் ஒரு வடிவம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதை எதிர்த்து உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர் ஒரு சனிக்கிழமை பிற்பகல் இந்த முற்றத்துக்கு வந்தார்கள். ஒரு மூலையில் மடக்கு மேசை போட்டார்கள். போகிறவர் வருகிறவரிடம் துண்டறிக்கை கொடுத்து, ஜனாதிபதிக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்ப வேண்டிய மனுவில் கையெழுத்து கேட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, கூச்சல் இல்லை. கொஞ்ச நேரத்தில் காவலர் வந்தார். வியாபாரத்தோடு நேரடித் தொடர்பில்லாத எந்தப் பிரச்சாரமும் உள்ளே கூடாது, வளாகத்தின் விதி அப்படி, வேண்டுமானால் வெளியே பொது நடைபாதைக்குப் போங்கள் என்றார். பிள்ளைகள் வாதாடாமல் கிளம்பிவிட்டார்கள். பிறகு வழக்குப் போட்டார்கள்.

கவனிக்க வேண்டியது, அந்த விதி இவர்களுக்காகப் போட்டதல்ல. எந்தக் கட்சி, எந்தக் கொள்கை என்று பார்க்காமல் எல்லோரையும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆகவே வழக்கின் கேள்வி 'எங்களை மட்டும் ஏன் தடுத்தீர்கள்' என்பதில்லை. தனியார் நிலத்தில் ஊர்க்காரனுக்குப் பேச இடமுண்டா என்பதுதான்.

கேம்பல் அடங்கிய சான்டா கிளாரா கவுன்டியின் நீதிமன்றத்தில் தோல்வி. மேல்முறையீட்டிலும் தோல்வி. 1979இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் நின்றது. உரிமையாளர் ஃப்ரெட் சஹாதி வாஷிங்டன் வரை போனார். 1980 ஜூன் 9 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரும் அதே முடிவுக்கு வந்தார்கள். தீர்ப்பை எழுதியவர் ரென்க்விஸ்ட், அந்த மன்றத்தில் பழமைவாதத்துக்குப் பேர்போனவர். அதனால்தான் இந்தத் தீர்ப்பை நான் பெரிதாக நினைக்கிறேன்.

மார்ச் 3, ஞாயிறு

கீழே ஒருவர் 'அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் கொடுத்த உரிமை இது' என்று எழுதியிருக்கிறார். அப்படியில்லை. இது கலிபோர்னியாவின் சொந்த அரசமைப்புச் சட்டம் கொடுத்த உரிமை. வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் மொத்தக் கதையும் அதில்தான் தொங்குகிறது.

பேச்சுரிமையைக் காக்கும் அந்த முதல் திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது, கடைக்காரர் கையை அல்ல. 1946இல் அலபாமாவில் ஒரு கப்பல் கட்டும் கம்பெனிக்கே சொந்தமான ஊர். அங்கே மத நோட்டீஸ் கொடுத்த பெண்ணைக் கைது செய்தது தப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தெரு, கடை, தபாலகம் எல்லாம் கம்பெனியுடையது என்றால் அந்தக் கம்பெனியும் அரசாங்கம் மாதிரிதானே என்பது நியாயம். 1968இல் பென்சில்வேனியாவின் லோகன் வேலி பிளாசாவில் தொழிற்சங்கம் மறியல் செய்த வழக்கு. ஷாப்பிங் சென்டரும் அந்த ஊர் மாதிரிதான் என்று அப்போது நீட்டிச் சொன்னார்கள்.

அது நாலு வருஷம்தான் நின்றது. ஓரிகன் மாநிலம் போர்ட்லாண்டில் லாய்டு சென்டர் 1960இல் திறந்தபோது அதுவும் திறந்தவெளி வளாகம்தான், நடுவில் பனிச்சறுக்குத் தளத்தோடு. வியட்நாம் போருக்கு எதிராக அங்கே நோட்டீஸ் கொடுத்தவர்களைக் காவலர்கள் வெளியேற்றினார்கள். 1972இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் உரிமையாளர் பக்கம் சாய்ந்தது. 1976இல் இன்னொரு வழக்கில், லோகன் வேலி தீர்ப்பு இனி செல்லாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள்.

ஆக, ப்ரூன்யார்ட் மாணவர்கள் வழக்கு நடத்திய நாட்களில் மத்திய சட்டத்தின் கதவு சாத்தியாகிவிட்டது. மாநில அரசமைப்பு என்ற பக்கவாசல் ஒன்றுதான் மிச்சம். ஒரு மாநிலம் தன் குடிமக்களுக்கு மத்திய அரசமைப்பைவிடக் கூடுதலாக உரிமை தரலாம், அதனால் உரிமையாளரின் சொத்தைப் பறித்ததாக ஆகாது என்பதே 1980 தீர்ப்பின் சாரம். அதோடு, நேரம், இடம், முறை பற்றி உரிமையாளர் நியாயமான விதிகள் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். 'இவர்கள் கருத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை' என்று போர்டு வைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தார்கள்.

அந்த 'நேரம், இடம், முறை' என்ற மூன்று சொல்லையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கே அது வந்து சேர்ந்தது.

மார்ச் 5

இன்று நேரமில்லை, ஒரு விஷயம் மட்டும். சினிமா தியேட்டர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டவருக்கு: இருக்கிறது. புதுப்பித்து நடத்துகிறார்கள். முற்றமும் இருக்கிறது. 2019இல் கடைவளாகம் ரீஜென்சி சென்டர்ஸ் என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது, விலை 21 கோடி டாலருக்கு மேல். பேச்சுரிமைக்கு இடம் கொடுத்தால் சொத்தின் மதிப்பு விழுந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

மார்ச் 9, சனி

கடை வருவதற்கு முன் அந்த மண் என்னவாக இருந்தது என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பிளம் தோட்டம். கேம்பல்லே ஒரு காலத்தில் பழம் உலர்த்தியும் டப்பாவில் அடைத்தும் பிழைத்த ஊர்.

1856இல் லூயி பெலியே என்ற பிரெஞ்சுக்காரரின் சான் ஹோசே நாற்றங்காலுக்கு பிரான்ஸிலிருந்து பிளம் ஒட்டுக் குச்சிகள் வந்து சேர்ந்தன. உலர்த்தி விற்பதற்கென்றே ஏற்ற இனம். சான்டா கிளாரா பள்ளத்தாக்கின் வண்டல் மண்ணும், கோடையில் துளி மழை பெய்யாத வானமும் அதற்கு அப்படியே பொருந்திப்போயின. அடுத்த நூறு வருஷத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பழத்தோட்டம்தான். வசந்தத்தில் வெள்ளைப் பூ பார்க்கவென்றே ரயிலேறி வருவார்களாம்.

எங்கள் தெருவில் ஒரு முதியவர் இருந்தார், சிறு வயதில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பழம் பொறுக்கியவர். பிளம்மை மரத்திலிருந்து பறிக்க மாட்டார்கள். நன்றாகப் பழுத்து, சர்க்கரை ஏறி, தானே விழ வேண்டும். வெறும் மண்ணில் மண்டியிட்டுப் பொறுக்குவார்கள். முழங்காலுக்குச் சாக்குத்துணி கட்டிக்கொண்டு வாளியைத் தள்ளியபடியே நகர்வார்களாம். பொறுக்கிய பழத்தைக் கொதிக்கும் காரநீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள், தோல் மெல்லிசாக வெடிக்கும். அப்புறம் மரத்தட்டுகளில் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். அந்தப் பிசுபிசுப்பும் குளவிகளும்தான் அவருக்கு நினைவில் நின்றவை. பூவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தோட்டம் போனது எப்படி? சான் ஹோசேயில் 1950இல் சுமார் 95,000 பேர். 1970இல் நாலரை லட்சத்தை ஒட்டி. டச் ஹாமன் என்ற நகர நிர்வாகி இருபது வருஷமாகச் சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் நகரத்தோடு சேர்த்துக்கொண்டே போனார். அதில் கரைந்துவிடக் கூடாதென்று கேம்பல் 1952இல் தனி நகரமாகப் பதிந்துகொண்டது. தோட்டத்துக்கு வரி, வீட்டு மனை என்ற கணக்கில் ஏறியது. பழம் விற்று அந்த வரியைக் கட்ட முடியாது. மரங்களை வெட்டினார்கள். 1970ஐ ஒட்டி அந்தத் தோட்டங்களில் ஒன்றின் மேல் ப்ரூன்யார்ட் எழுந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஊர் வளர்ந்த விதத்தில் சதுக்கம் என்று எதுவுமே உருவாகவில்லை. வீடு, சாலை, பார்க்கிங், கடை அவ்வளவுதான். பழைய ஊர்களில் கடைத்தெரு நகராட்சிக்குச் சொந்தம். இங்கே கடைத்தெருவே ஒருவருடைய பட்டா நிலம். 1979 தீர்ப்பில் கலிபோர்னியா நீதிபதிகள் இதைத்தான் கைவைத்துக் காட்டினார்கள்: இந்தக் கவுன்டியின் மக்களில் பெரும்பகுதியினர் தங்கள் நேரத்தைக் கழிப்பது புறநகரில், அவர்களுடைய தேவைகள் நிறைவேறுவது ஷாப்பிங் சென்டரில். அங்கே பேச முடியாதென்றால் எங்கே போய்ப் பேசுவது? எதிர்வீட்டுக்காரரையே வாரக்கணக்கில் பார்க்காத ஊரில் இருந்துகொண்டு இந்த வரிகளைப் படித்தபோது எனக்கு உறைத்தது.

மார்ச் 10

இப்போது கூரை.

'மால் என்றாலே மூடியது, திறந்தவெளி என்பது சமீபத்திய ஃபேஷன்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரிசை நேர்மாறானது. கான்ஸஸ் சிட்டியின் கன்ட்ரி கிளப் பிளாசா 1923, திறந்தவெளி. டெட்ராய்ட் பக்கத்து நார்த்லாண்ட் 1954, திறந்தவெளி. அதை வடிவமைத்த விக்டர் க்ரூயன்தான் 1956இல் மினசோட்டாவில் சவுத்டேலை முழுக்க மூடிக் கட்டினார். அந்த ஊர்க் குளிருக்கு அது வேண்டியிருந்தது. அது ஓடியதைப் பார்த்து, குளிர் இல்லாத ஊர்களிலும் கூரை போட ஆரம்பித்தார்கள்.

நம்ம பள்ளத்தாக்கில் பாருங்கள். வேலி ஃபேர் 1956இல் திறந்தபோது திறந்தவெளி. 1986இல் பக்கத்து வளாகத்தோடு சேர்த்து மூடிக் கட்டினார்கள், இன்றும் கூட்டம் அலைமோதுகிறது. குப்பர்டினோவின் வால்கோ 1976இல் பிறந்தபோதே மூடிய மால், 2018இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு ஷாப்பிங் சென்டர் 1955இலிருந்து இன்றுவரை திறந்தவெளி, ஓஹோவென்று ஓடுகிறது. அந்த நிலம் பல்கலைக்கழகத்துடையது. விற்கக் கூடாது என்பது நிறுவனர் போட்ட நிபந்தனை. வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கத்தான் கடைகளைக் கட்டினார்கள்.

ஆகக் கூரை இருப்பதோ இல்லாததோ ஒன்றைக் காப்பாற்றியதாகச் சொல்ல முடியாது. ப்ரூன்யார்ட் நிற்பதற்கு நான் பார்க்கிற காரணங்கள் வேறு. தலைக்கு மேலேயே அலுவலகங்கள் இருப்பதால் வாரநாள் மதியத்திலும் சாப்பாட்டுக் கடைக்கு ஆள் உண்டு. பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றை நம்பிக் கட்டவில்லை, அதனால் அந்த மாதிரிக் கடைகள் திவாலானபோது இது ஆட்டம் காணவில்லை. ஓடைக்கரைச் சைக்கிள் பாதையிலிருந்து நேராக உள்ளே வரலாம். ஞாயிறு காலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காபியோடு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் எந்தக் கடைக்குள்ளும் போவதில்லை. நானும் அவர்களில் ஒருவன்.

மார்ச் 16, சனி

'அப்போ போய் மேசை போட்டுவிடலாமா' என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். ப்ரூன்யார்டில் நடந்ததல்ல, இந்த வட்டாரத்தில் வேறொரு வளாகம்.

எங்கள் பிள்ளைகள் வாரயிறுதியில் தமிழ் படிக்கிறார்கள். அந்தப் படிப்புக்கு உயர்நிலைப் பள்ளியில் மொழிப்பாட மதிப்பெண் கொடுக்கச் சொல்லிப் பள்ளி மாவட்டத்துக்கு ஒரு மனு தயாரித்தோம். கையெழுத்து வாங்க ஆள் நடமாட்டம் உள்ள இடம் வேண்டும். ஒரு சனிக்கிழமை மடக்கு மேசை, நாலு பேனா, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஆகியவற்றோடு போய் நின்றோம். காபிகூட முடியவில்லை, காவலர் வந்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். 'படிவம் கொடுத்தீர்களா?' என்றார்.

படிவம் பல பக்கம். இத்தனை நாள் முன்னதாகவே விண்ணப்பம். மேசையின் நீள அகலம் இவ்வளவு, அட்டையின் உயரம் இவ்வளவு, நாற்காலி இத்தனை. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். பண்டிகைக் காலத்தில் விடுமுறை நாட்கள் எல்லாம் 'இடமில்லை' நாட்கள். அவர்கள் குறித்துக் கொடுத்த இடம், சரக்கு லாரி திரும்பும் சந்துக்குப் பக்கம். ஒரு தூண் மறைக்கும். நாங்கள் அங்கே நின்றோம். என் மகள் தூணைத் தாண்டிப் போய்ப் போய் ஆட்களைக் கூப்பிட்டுவந்தாள். 'மேசையை விட்டு நகர்ந்து அழைக்கக் கூடாது' என்று அதற்கும் ஒரு விதி இருந்தது.

இதுதான் அந்த 'நேரம், இடம், முறை'. உரிமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. உரிமை லாரிச் சந்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். விதி நியாயமானதா என்று கேட்க வேண்டுமானால் நீதிமன்றம் போக வேண்டும். பிள்ளைகளின் தமிழ்ப் பாடத்துக்காக வக்கீல் வைப்பவர் யார்?

ஆனால் வழக்குப் போட்டவர்கள் ஜெயித்ததும் உண்டு. சான் டியேகோவின் ஃபேஷன் வேலியும் திறந்தவெளி வளாகம்தான். அங்கே ஒரு தொழிற்சங்கம், உள்ளேயிருந்த கடையின் முன் நோட்டீஸ் கொடுத்தது. கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லக் கூடாது என்று மாலில் விதி இருந்தது. 'எங்கள் கடையிலேயே வாங்காதே என்று சொல்ல எங்கள் இடமா' என்றது மால். 2007இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் மறுபடி நாலுக்கு மூன்றில், அதைச் சொல்லவும் உரிமை உண்டு என்றது. 2010இல் ரோஸ்வில் மால் ஒன்றைப் பற்றிய வழக்கு. முன்பின் தெரியாதவரிடம் கடைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் பேசக் கூடாது என்று அங்கே விதியே இருந்தது. மதம் பற்றிப் பேச்சுக்கொடுத்த ஒரு தேவாலய இளைஞர் போதகரைக் கைது செய்திருந்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது.

மார்ச் 17

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மனைவி கேட்டாள்: 'கையெழுத்து கிடைத்ததா இல்லையா, அதைச் சொல்லவில்லையே?' கிடைத்தது. தூணையும் தாண்டிக் கிடைத்தது. கையெழுத்துப் போட்டவர்களில் தமிழர் குறைவு. வியட்நாமிய, மெக்சிகப் பெற்றோர்கள்தான் அதிகம். அவர்கள் பிள்ளைகளும் எங்கோ ஒரு வகுப்பறையில் வாரயிறுதியில் தாய்மொழி படிக்கிறார்கள். தூணுக்குப் பக்கத்தில் நின்று ஒரு வியட்நாமிய அம்மா தன் மகனின் வீட்டுப்பாட நோட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இணையத்தில் மனு போட்டிருந்தால் நமக்குள்ளேயே சுற்றியிருக்கும். முன்பின் தெரியாதவரை எதிரில் நின்று கேட்பதில் இருக்கிற பலம் அது.

மார்ச் 24, ஞாயிறு

'இந்தியன் ஸ்டோர் வாசலில் மேசை போட்டால் நம்ம ஆட்கள் அத்தனை பேரையும் பிடிக்கலாமே' என்ற யோசனைக்குப் பதில். இதைத்தான் இந்த இழையில் எல்லோரும் படிக்க வேண்டும்.

ப்ரூன்யார்ட் தீர்ப்பு எல்லாக் கடைவாசலுக்கும் பொருந்தாது. பிற்பாடு வந்த தீர்ப்புகள் அதைச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கின்றன. 1999இல் சான்டா ரோசாவில் தனியாக நிற்கும் ஒரு ட்ரேடர் ஜோஸ் மளிகைக் கடை பற்றிய வழக்கில், ஆட்கள் கூடி உட்கார்ந்து பொழுதுபோக்கும் இடம் அங்கே இல்லை, ஆகவே அந்த உரிமையும் இல்லை என்றார்கள். 2012இல் சாக்ரமென்டோவின் ஒரு மளிகைக் கடை வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஷாப்பிங் சென்டருக்குள் இருக்கும் கடையாகவே இருந்தாலும், வாசலை ஒட்டிய நடைபாதை வெறும் போக்குவரத்துக்கானது, பொதுவெளி ஆகாது. மக்கள் நின்று பேசி இளைப்பாறும்படி அமைத்த பொது முற்றமாக இருக்க வேண்டும். அந்த வழக்கில் தொழிற்சங்க மறியலுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு இருந்ததால் சங்கம் தப்பியது. மனுவோடு வருகிற நமக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இப்போது நாம் கூடுகிற இடங்களை நினைத்துப் பாருங்கள். சன்னிவேலிலும் சான்டா கிளாராவிலும் எல் கமினோ சாலையோரம் ஒரு வரிசைக் கடை. மளிகை, தோசைக்கடை, புருவம் திருத்தும் கடை, வரிக் கணக்கு எழுதுபவர். முன்னால் பார்க்கிங், கதவுக்கும் காருக்கும் நடுவே நாலடி சிமென்ட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கறிவேப்பிலைக் கட்டும் தேங்காயுமாக அங்கேதான் ஊரே சந்தித்துக்கொள்கிறது. ஆனால் பெஞ்ச் கிடையாது, முற்றம் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அங்கே யாரும் கூடுவதே இல்லை! கடைக்காரர் நல்லவராக இருந்தால் சம்மதிப்பார், பெரும்பாலும் சம்மதிக்கவும் செய்கிறார்கள். அது தயவு. உரிமை வேறு.

மார்ச் 25

நேற்றைய குறிப்போடு சேர்த்து இன்னொன்று. பெஞ்சும் முற்றமும் இருந்தால்தான் உரிமை என்றால், உரிமையே வேண்டாம் என்று நினைக்கிற உரிமையாளர் என்ன செய்வார்? பெஞ்சை எடுத்துவிடுவார். நிழல் மரத்தின் கீழே உட்கார இடமில்லாமல் கூழாங்கல் கொட்டுவார். இந்தக் காரணத்துக்காகத்தான் அப்படிச் செய்தார்கள் என்று எந்த வளாகத்தையும் கைகாட்டி நான் சொல்லவில்லை. ஆனால் தீர்ப்பின் தர்க்கம் அந்தப் பக்கம் தள்ளுகிறது. மக்களுக்கு உட்கார இடம் கொடுக்கிறவருக்குக் கூடுதல் கடமை, கொடுக்காதவருக்கு ஒன்றுமில்லை. எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1979இல் நீதிபதிகள் பார்த்தது மக்கள் எங்கே போகிறார்கள் என்பதை. பிற்காலத் தீர்ப்புகள் பார்ப்பது தரையின் அமைப்பை.

மார்ச் 30

வேறு மாநிலத்து நண்பர்களுக்குச் சுருக்கமாக. நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு ஓரளவு உண்டு: 1994இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், பெரிய மால்களில் பொதுப் பிரச்சினைகள் பற்றி நோட்டீஸ் கொடுக்க இடம் தர வேண்டும் என்றது, ஒலிபெருக்கியும் ஊர்வலமும் கிடையாது. மாசசூசெட்ஸில் தேர்தல் சம்பந்தமான கையெழுத்துக்கு உண்டு. நியூயார்க்கில் இல்லை. லாங் ஐலண்டில் அணுமின் நிலையத்தை எதிர்த்து மாலில் நோட்டீஸ் கொடுத்தவர்கள் 1985இல் தோற்றார்கள். மிஷிகனிலும் இல்லை. பெரும்பாலான மாநிலங்கள் கலிபோர்னியா வழியில் வரவில்லை.

மத்திய உச்ச நீதிமன்றம் இதைக் கவிழ்த்துவிடுமா என்று கேட்டவருக்கு: 2021இல் அந்தப் பயம் வந்தது. கலிபோர்னியாவின் ஒரு ஸ்ட்ராபெர்ரி நாற்றுப் பண்ணைக்குள் தொழிற்சங்கக்காரர்கள் நுழைய மாநில விதி அனுமதித்தது. அது நிலத்தைப் பறிப்பதற்குச் சமம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில் ப்ரூன்யார்டைத் தொடாமல் விட்டார்கள். பொதுமக்களைத் தானே வா வா என்று கூப்பிடுகிற இடம் வேறு, வேலி போட்ட பண்ணை வேறு என்று பிரித்துக் காட்டினார்கள்.

ஏப்ரல் 6, சனி

கடைசியாக சான் ஹோசேயின் சான்டனா ரோ கடைவளாகம் பற்றி. 'அது நிஜத் தெரு மாதிரியே இருக்கிறதே, அங்கே தாராளமாக நிற்கலாமே' என்று எழுதியவருக்கு. 2002இல் திறந்தது, அதற்கு முன் அந்த இடத்தில் டவுன் அண்ட் கன்ட்ரி வில்லேஜ் என்ற பழைய தாழ்கூரைக் கடைவளாகம். கட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆகஸ்டில் பெருந்தீ பிடித்து ஒரு பெரிய கட்டடம் எரிந்தது. இன்று மேலே வீடு, கீழே கடை, நடுவில் கார் போகும் சாலை, சதுரங்கப் பலகை, மர நிழல், பெஞ்ச். ஆனால் அந்தச் சாலையும் நகராட்சிச் சாலை இல்லை, வளாகத்தின் சொந்தம். அதனால் பழைய நகரச் சதுக்கத்தில் நிற்பதுபோல நிற்க முடியாது. ப்ரூன்யார்ட் தீர்ப்பைக் காட்டித்தான் நிற்க வேண்டும், படிவத்தோடு. பெஞ்சும் முற்றமும் இருப்பதால் அந்தத் தீர்ப்பு அங்கே செல்லும் என்றுதான் நான் படிக்கிறேன்.

பழைய வளாகங்களை இடித்துவிட்டு வீடும் கடையும் கலந்து கட்டும் திட்டங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் வரிசையாக வருகின்றன, வால்கோ நிலம் உட்பட. அவற்றின் வரைபடத்தில் 'பிளாசா' என்று பச்சையடித்த ஒரு கட்டம் எப்போதும் இருக்கும். கூட்டத்துக்குப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது டிராஃபிக், பள்ளிக்கூட இடம், கட்டட உயரம். அதோடு ஒன்றையும் கேளுங்கள்: அந்தப் பச்சைக் கட்டம் யாருக்குச் சொந்தம், அதில் பொதுமக்களுக்கு நிரந்தரப் பாத்தியதை பத்திரத்தில் பதிவாகிறதா, அதன் விதிகளை எழுதப்போவது நகராட்சியா, வாடகை மேனேஜரா. கட்டடம் எழும்புவதற்கு முன் கேட்டால் ஒரு வரியில் எழுதி வாங்கலாம். எழுந்த பிறகு வழக்குதான்.

எங்கள் ஊர்த் திட்டக் குழுவுக்கு இந்தக் கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன். வர முடிந்தவர்கள் வாருங்கள், ஆளுக்கு இரண்டு நிமிஷம் தருகிறார்கள்.